வேலை வைக்காத கொல்லைப்புறம்

என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது. வெளிச்சத்துக்காகப் போட்டது, வேடிக்கை பார்க்கப் போட்டதில்லை. ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே, அது ஊசியையே பார்த்துக்கொண்டு இருக்குமா? சற்றுக் குனிந்தால் கீழ்வீட்டு அக்காவின் கொல்லைப்புறம் முழுசாகத் தெரியும்.

கொல்லைப்புறம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மூன்று பக்கமும் அடுத்த வீடுகளின் உயரச் சுவர், நான்காவது பக்கம் எங்கள் கட்டடம். நடுவில் நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவுக்கு ஒரு துண்டு மண். உச்சி நேரத்தில் வெயில் எட்டிப் பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி உடனே கிளம்பிவிடும். மொட்டை மாடி மழைத்தண்ணீர் குழாய் வழியாக அங்கேதான் கொட்டும், வெளியேற வழி கிடையாது. தரையில் பாசி, சுவரில் பாசி, ஓரங்களில் யாரும் நடாமலே முளைத்த பெரணி, எங்கே பார்த்தாலும் நத்தை. பக்கத்து வீட்டு மரம் நிழலைக் கொடுப்பதோடு நிற்காமல் இலையையும் கொட்டும். வீட்டின் பின்கதவைத் திறந்தால் இரண்டு படி இறங்கித்தான் அதற்குள் போகவேண்டும்.

அக்கா காலையிலும் சாயங்காலமும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அங்கே இறங்குவாள். பின்கதவைச் சாத்திவிடுவாள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். வலது கை மட்டும் ஈர்க்குத் துடைப்பத்தைப் பிடித்து, படிக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் பட்டையைச் சரக் சரக் என்று தேய்த்துக்கொண்டே இருக்கும். அங்கே ஓர் இலைகூட இருக்காது.

குடிவந்த புதிதில் இதைப் பார்த்து நான் பயந்துதான் போனேன். சரி, கொஞ்சம் மறை கழன்ற கேஸ்போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே, ஒருநாள் மாடிப்படியில் மடக்கிக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. குப்பையே இல்லாத இடத்துல என்னத்தக்கா கூட்டுறீங்க?"

அக்கா திடுக்கிட்டு மேலே என் ஜன்னல் இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாத்துட்டியா? கூட்டுற சத்தம் கேட்டா அவர் கூப்பிட மாட்டாரு."

அவ்வளவுதான் விஷயம். அவள் வீட்டுக்காரர் ஒரு பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வு பெற்றும் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் சூப்பர்வைசர்தான். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கொல்லைப் பாசியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. ஆபரேஷன் செய்தும் கால் சரியாக ஊன்றவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. முன்னறைக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் அவர் போய்வருவார், அவர் குரல் வீடு முழுக்கப் போய்வரும்.

"எங்க இருக்க?"

"அடுப்படியில."

"என்ன பண்ற?"

"தண்ணி குடிக்கிறேன்."

"குடிச்சிட்டு வா."

குளியலறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நாற்காலி வந்து நிற்கும். "என்ன, சத்தத்தையே காணோம்?" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டுப் போய்ப் படுக்கலாம். இவர் கையை ஓங்கியதில்லை, குடித்ததில்லை. மனைவி கண்ணில் படாவிட்டால் மட்டும் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வேலையில் இருக்கும் ஆளைக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர் கம்பெனியில் கடைப்பிடித்த சட்டம். லைனில் கை ஓடிக்கொண்டிருந்தால் எதிரில் போய் நிற்கக்கூட மாட்டாராம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். துடைப்பச் சத்தம் கேட்கிறவரை அவர் வாயைத் திறக்க மாட்டார். சத்தம் நின்றால் சும்மா இருக்கிறாள் என்று அர்த்தம், உடனே "எங்க இருக்க?"

"அந்தப் பாசியில மட்டும்தான்டி எனக்கு மூச்சு விடமுடியுது," என்றாள் அக்கா. "அவருக்கும் அந்த இடம்னா குலை நடுக்கம். விழுந்த இடமில்லையா, எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு."

அக்காவும் அதே கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். அவர் லைனிலேயே நின்று பெட்டிக்கு டேப் ஒட்டியவள். அவள் கை வேகத்தைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் பெண் கேட்டுப் போனாராம். கல்யாணம் ஆனதும் "நீ எதுக்குக் கஷ்டப்படணும், வீட்ல இரு" என்று வேலையை விடச் சொன்னார். ஊரே மெச்சியது. அக்காவுக்கு அந்த டேப் ஓசையும், இடைவேளையில் பெண்கள் அடிக்கும் கூத்தும், பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வருவதும் ரொம்பப் பிடிக்கும். "வேலைக்குப் போறேன்னு சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். "சொன்னேனே. வீட்ல சும்மா இருக்குறது எனக்கு வேண்டாம்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டாரு" என்றாள்.

இந்த 'வேண்டாம்' பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு வியாதி. இன்னொரு கரண்டி சோறு? வேண்டாம். புதுச்சேலை? வேண்டாம், இருக்கிறதே போதும். டாக்டரிடம் போகலாமா? வேண்டாம், தானாகச் சரியாகும். மனசுக்குள் வேண்டும் வேண்டும் என்று அடித்துக்கொள்ளும், வாய் மட்டும் வேண்டாம் என்னும். வீட்டில் இருப்பவர்களும் அதைத் தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டில் போடுவார்கள். அதற்குப் பாசம் என்று பெயர். அக்காவின் வீட்டில் இது முற்றிப்போயிருந்தது. அவள் நிஜமாகவே ஒன்றை வேண்டாம் என்று சொன்னால் கேட்பதற்கு அந்த வீட்டில் யாருக்கும் காது கிடையாது.

அவள் மகன் வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். தங்கமான பையன், தினமும் போன் செய்வான். எப்போது செய்தாலும் பின்னால் சரக் சரக் என்று கேட்டிருக்கிறது.

"அம்மா, என்ன சத்தம்?"

"கொல்லைய கூட்டுறேன்டா. ஒரே இலை, ஒரே பாசி. எவ்வளவு கூட்டினாலும் தீரல."

தீரவில்லை என்று அவள் சந்தோஷமாகத்தான் சொல்லியிருப்பாள். அவனுக்கு அது பெற்ற தாயின் புலம்பலாகக் கேட்டிருக்கிறது. இந்த வருஷம் நீண்ட லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். வந்த மறுநாளே ஒரு தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். மண்வெட்டித் தோட்டக்காரர் இல்லை. சின்ன இடங்களை அழகுபடுத்திக் கொடுப்பவர், கையில் அளவு டேப்பும் படம் வரையும் பலகையுமாக வந்தார்.

"அம்மா, இனிமே நீ துடைப்பத்தையே தொடக்கூடாது. வேலையே வைக்காத மாதிரி மாத்தித் தரப்போறாரு," என்றான் மகன்.

மேலே என் மெஷின் நின்றுவிட்டது.

"வேண்டாம்டா," என்றாள் அக்கா.

"ஆரம்பிச்சிட்டா பாருங்க!" என்று மகன் சிரித்தான். தோட்டக்காரரும் சிரித்தார். உள்ளிருந்து சூப்பர்வைசரும் சிரித்தார். "அவ அப்படித்தான் சொல்லுவா, நீ செய்டா" என்று குரல் வந்தது.

அக்கா விடவில்லை. நேராகச் சொல்ல முடியாததால் இடத்தின்மேல் பழியைப் போட்டாள். "இங்க வெயிலே வராதுப்பா, ஒண்ணும் வளராது" என்றாள். தோட்டக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "வெயில் கேக்குற செடியே வேண்டாம்மா. சுவரோரமா பெரணி, நடுவுல பெரிய இலைச் சேம்பு, கீழ படர்றதுக்கு ஒரு கொடி. எல்லாம் நிழலும் ஈரமும் இருந்தாத்தான் சந்தோஷமா இருக்கும். வெட்ட வேண்டாம், தண்ணி ஊத்த வேண்டாம்."

"தண்ணி தேங்குமே?"

"வாட்டம் சரியில்ல, அதான். தரைய ஒரு பக்கமா சாய்ச்சு, ஓரத்துல வாய்க்கால் தோண்டி, ஓட்டை போட்ட குழாய வச்சு ஜல்லியால மூடிட்டா தண்ணி தானா சாக்கடைக்குப் போயிரும்."

"களை?"

"மண்ணு மேல கறுப்புத் துணி விரிச்சு, அதுக்கு மேல கூழாங்கல்லு. களை தலையத் தூக்காதும்மா."

அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதற்கெல்லாம் சரியான பதில் வைத்திருந்தார். ஒவ்வொரு பதிலுக்கும் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று மத்தியானம் சட்டைக்குப் பட்டன் வைக்கிற சாக்கில் மகன் என்னிடம் வந்தான். "டெய்லர் ஆன்ட்டி, நீங்க தினமும் பாக்குறீங்களே, அம்மா எவ்வளவு கஷ்டப்படுறா!" என்றான். கண் கலங்கியிருந்தது. என்னத்தைச் சொல்ல? அக்காவின் ரகசியத்தை நான் எடுத்துப் போட்டு உடைக்கமுடியாது. ஆனாலும் சும்மா விடவில்லை.

"தம்பி, அம்மாவுக்கு அந்த வேலை பிடிச்சிருக்குப்பா. அதை எடுத்துடாத. வேற ஏதாவது செய்."

"உங்க வயசுக்காரங்க எல்லாருமே இப்படித்தான் ஆன்ட்டி. சும்மா உக்காரவே தெரியாது உங்களுக்கு," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். என் வயசாம்! அவன் அம்மாவுக்கும் எனக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அந்தக் கழுதைக்குத் தெரியுமா? கோபத்தில் பட்டனை இடம் மாற்றித் தைத்துவிட்டேன், மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று.

வேலை ஆரம்பிப்பதற்கு முந்தின சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்தாள். படி ஏறி அவள் வந்ததே இல்லை. துணிமூட்டைகளைத் தள்ளிவிட்டு உட்காரவைத்தேன். கீழே அப்பாவும் மகனும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, நேரா சொல்லிடுங்க. பெத்த பிள்ளைதானே, புரிஞ்சுக்குவான்."

"என்னன்னு சொல்லச் சொல்ற? உங்கப்பா இல்லாத இடம் ஒண்ணு எனக்கு வேணும்டான்னா? நொந்து கெடக்குற மனுஷன். கேட்டா அவன் என்ன நினைப்பான்?"

"உள்ளத சொல்றதுக்கு என்னக்கா?"

"எனக்கே அது அசிங்கமா இருக்குடி," என்றாள். "அவர் மேல எனக்கு வெறுப்பெல்லாம் இல்ல. சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரான்னு மனசு அங்கதான் இருக்கு. ஆனா காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல தோணுறது, எப்படா துடைப்பத்த எடுப்போம்னுதான். இத யார்கிட்ட சொல்றது?"

என்னிடம் சொல்லிவிட்டாளே! அதற்குள் கீழேயிருந்து குரல் வந்துவிட்டது. "எங்க போயிட்ட?" அக்கா எழுந்து ஓடினாள்.

ஆட்கள் வந்தார்கள். பாசி மண்ணைச் சுரண்டி மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போனார்கள். வாய்க்கால் தோண்டிக் குழாய் புதைத்தார்கள். சுவர்களுக்கு வெள்ளை அடித்தார்கள், வெளிச்சம் கூடுதலாகத் தெரியுமாம். நடுவில் சொரசொரப்பான கல்பலகைகள், காலே வழுக்காது. அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் தன் வேலை போகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சுத்தமான இடமாக இருந்தால் என்ன, வேறு ஏதாவது காரணம் கண்டுபிடித்து வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. வாளியைக்கூட எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தாள்.

கடைசியாகக் கொத்தனார் சிமெண்ட் குழைத்துக்கொண்டு பின்கதவுப் படிகளிடம் வந்தார். இரண்டு படிகளையும் மூடிச் சரிவாகப் பூசுவதற்கு மட்டம் பார்த்தார்.

"படிய ஏன் மூடுறீங்க?" என்றாள் அக்கா.

தோட்டக்காரர்தான் பதில் சொன்னார். "படி இருந்தா சாரோட நாற்காலி எப்படிம்மா இறங்கும்? தம்பி முதல்லயே சொல்லிட்டாரு, அப்பாவும் வந்து உக்காரணும்னு. அதுக்காகத்தானே இந்தக் கல்லு, இந்த வாட்டம் எல்லாம்."

நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படிய மட்டும் விட்டுடுங்க தம்பி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அம்மா, வேலை எல்லாம் முடிஞ்சு போச்சும்மா…"

"வேண்டாம்னு சொல்றேன்ல! படிய மூட வேண்டாம்!"

அவ்வளவு சத்தமாக அக்கா பேசி நான் கேட்டதில்லை. கொத்தனார் கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். மகன் உள்ளிருந்து ஓடிவந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்தான், கன்னத்தில் வழிந்ததைப் பார்த்தான், அப்படியே அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா மறுபடி விழுந்துடுவாருன்னு பயப்படுறியாம்மா? விழவே மாட்டாரும்மா. நான் பொறுப்பு."

கொத்தனார் பூச ஆரம்பித்தார். அக்கா அவன் தோளுக்கு மேலாக அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னலை விட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். ஒரு தையல்கூட ஓடவில்லை. அந்தப் பையனைக் கீழே போய் ஓர் அறை விடலாமா என்றுகூட இருந்தது. எதற்காக விடுவது? அவன் செய்த தப்புதான் என்ன?

சிமெண்ட் காய்ந்ததும் சூப்பர்வைசரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த இடத்தைப் பார்க்கவே பயந்த மனிதர், நாற்காலி சரிவில் இறங்கும்போது இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தார். கல்லில் சக்கரம் நின்றதும் சுற்றும்முற்றும் பார்த்தார். பெரணி இலையைத் தொட்டார். பிறகு தேம்பி அழுதுவிட்டார். விழுந்த நாளிலிருந்து அந்த மனிதர் வானத்தைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கண்ணீர் வந்துவிட்டது, சனியன். அழகாகவும் இருந்தது அந்த இடம், பொய் சொல்லக்கூடாது.

லீவு முடிந்து மகன் கிளம்பிப் போனான். போகுமுன் அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டுத்தான் போனான்.

மறுநாள் காலையில் அக்கா பழக்கம்போலத் துடைப்பத்தோடு வந்து கதவைச் சாத்தினாள். சரக் சரக் என்று நாலு தடவைதான் கேட்டிருக்கும். கதவு திறந்தது. சரிவில் சக்கரம் தானாகவே உருண்டு வந்தது.

"என்னத்த கூட்டுற? கண்ணாடி மாதிரி கெடக்குது. போடு அத ஓரமா. வந்து உக்காரு."

அக்கா உட்கார்ந்தாள். அன்றிலிருந்து தினமும் இதுதான். காலை டீ அங்கே, செய்தித்தாள் அங்கே, காய் நறுக்குவது அங்கே. மழைத் தூறலுக்குக்கூட உள்ளே போகாமல் ஒரு குடையை வாங்கி நாற்காலியில் கட்டிக்கொண்டார். கம்பெனிக் கதை, கால்வலிக் கதை, சுவரில் போகும் பல்லியின் கதை. பேச்சு நின்றால் "என்ன யோசிக்கிற?" என்பார். அக்கா "ஒண்ணுமில்ல" என்பாள். முன்பெல்லாம் சட்டியில் எண்ணெய் ஊற்றிவிட்டாவது அடுப்படியில் நிற்பாள். இப்போது அவருக்கு அந்தப் பச்சையைத் தனியாகப் பார்க்கப் பிடிக்கவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வரச்சொல்கிறார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் நான் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே சூப்பர்வைசர் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை, அழவில்லை. காய்கறிக்காரனிடம் விலை கேட்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"எனக்குக் கொஞ்ச நேரம் யாரும் இல்லாம இருக்கணும்ங்க. நான் மட்டும்."

என் கை நின்றுவிட்டது. சொல்லிவிட்டாள்! கல்யாணமான நாளிலிருந்து சொல்லாததைச் சொல்லிவிட்டாள். நான் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன்.

சூப்பர்வைசர் அவளை உற்றுப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. ரொம்ப நேரம் யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரி. நான் ரொம்பப் பேசுறேன் இல்ல? இனிமே பேசல. நீ பாட்டுக்கு இரு."

சொன்னபடியே வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று இந்தக் கட்டடத்துக்கே தெரியும். உதட்டை இறுக்கி வைத்துக்கொண்டு, நாற்காலியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல், எதிரில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பிரியம். அக்கா முகத்தைத் திருப்பி வெள்ளைச் சுவரைப் பார்த்தாள். ஓர் இலை விழுந்து கல்லின்மேல் கிடந்தது. இருவரும் அப்படியே இருந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது.

"போதுமா?" என்றார் அவர், மெதுவாக.

"போதும்," என்றாள் அக்கா.

அதை மட்டும் அவர் உடனே நம்பிவிட்டார். விட்ட இடத்திலிருந்து கதையை ஆரம்பித்தார்.